கம்பியில் காய்ந்த படங்கு

இரண்டு விரல்களால் ஒரு படங்கைக் கம்பியிலிருந்து தூக்கி, செத்த எலியைப் பிடிப்பதுபோல உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இது ஆரோடதுங்க?" என்று கண்டக்டர் கேட்ட அந்த மதியம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். படங்கிலிருந்து தண்ணீர் சொட்டி அவருடைய பூட்ஸ் மேல் விழுந்தது. அவர் காலை நகர்த்தவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை. அவர் எதற்கும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அது என் அம்மாவின் படங்கு.

படங்கு என்றால் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைச் செடிகள் இடுப்பு உயரத்துக்கு நெருக்கமாக நிற்கும். அவற்றுக்குள் புகுந்து நடந்தால் மழை ஈரமும் குச்சியும் சேலையைக் கிழித்துவிடும். அதற்காகப் பெண்கள் தடித்த சாக்குத்துணியை மடித்து இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை கட்டிக்கொள்வார்கள். தோட்டத்திலேயே கொடுப்பார்கள். ஆனி, ஆடி மாதங்களில் அது காலையிலேயே நனைந்து கல்லாகக் கனக்கும். ஆளுக்கு இரண்டு வைத்திருப்பார்கள். மதிய நிறுவைக்கு வரும்போது நனைந்ததை அவிழ்த்துக் காயப்போட்டுவிட்டு மாற்றுப் படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறுவார்கள். சாயங்கால நிறுவைக்கு வரும்போது காய்ந்ததை எடுத்துக்கொள்வார்கள்.

கண்டக்டர் என்றால் பஸ் கண்டக்டர் இல்லை. எங்கள் தோட்டத்தில் வெளிவேலையைப் பார்க்கும் அதிகாரிக்கு அந்தப் பெயர். தோட்ட மேனேஜரான தொரை மாதத்தில் சில நாள்தான் கண்ணில் படுவார். எங்களுக்குச் சாமி, பூதம் எல்லாமே கண்டக்டர்தான். இவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பத்துக்காரர். நாங்கள் எல்லாரும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஏலப்பாறை மலைக்குப் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். எங்கள் ஊர்ப் பேச்சில் மேலதிகாரி என்றால் 'ஏலே', 'ஏட்டி' என்றுதான் தொடங்குவார். இவர் மட்டும் எல்லாரையும் 'ங்க' போட்டுப் பேசினார். வந்த புதிதில் பெண்களுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. "தங்கமான மனுசன்லா" என்றார்கள். கொஞ்ச நாளில்தான் தெரிந்தது, அவர் ஒருவருடைய பேரைப் பாதியாக வெட்டும்போதும் அதே 'ங்க'தான் போடுவார் என்று. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். தப்புச் செய்தால் அரைப்பேர், பாதிக் கூலிதான். "உங்களுக்கு இன்னிக்கு அரைப்பேருங்க" என்று சொல்லிவிட்டு, கலியாண வீட்டில் சந்தனம் கொடுத்தவர்போல நகர்ந்துவிடுவார். நாங்கள் குடியிருந்த லயத்தில், தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், ஒரு அத்தை அவரை 'பன்னீர்ச்செம்பு' என்று கூப்பிடுவாள். அவர் காதில் விழாதபடிதான்.

நான் அப்போது ரோட்டு வேலையில் இருந்தேன். நாலாவது வரைக்கும் படித்தவனுக்கு, அதுவும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதவனுக்கு, மண்வெட்டி பிடிப்பது பொருத்தமான வேலை. ரோட்டோர மழைத்தண்ணீர் ஓடும் கானை வெட்டுவது, சரிந்த மண்ணை அள்ளுவது, குழியில் சல்லி போடுவது. நிறுவைக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வளைவு உண்டு. ரோடு அங்கே மலையின் மூக்கைச் சுற்றித் திரும்பும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஓடைவரைக்கும் பள்ளம். ஓரத்தில் வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தன. ஒரு மழைக்காலத்தில் கொழுந்து லாரி அந்தக் கற்களைப் பிடுங்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டது. நல்லவேளையாக ஒரு சவுக்கு மரத்தில் சாய்ந்து நின்றதால் யாரும் சாகவில்லை. யூனியன் ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். அதற்கப்புறம் தோட்டத்தில் ஒரு தடுப்புக் கட்டச் சொன்னார்கள்.

பழைய நாளில் மலையுச்சியிலிருந்து பாக்டரிக்குக் கொழுந்து மூட்டைகள் கம்பியில் தொங்கியபடி இறங்கும். லாரி வந்த பிறகு அந்தக் கம்பி சும்மா சுருட்டிக் கிடந்தது. கட்டைவிரல் தடிமன் உள்ள எஃகு முறுக்குக் கம்பி. அதைத்தான் எடுத்தோம். வெள்ளைக் கற்களைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் இரும்புத் தூண் நட்டோம். தூணுக்குத் தூண் கம்பியை இழுத்து முறுக்கினோம். நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே அது நின்றது. லாரி மோதினால் தாங்கும். அந்தக் கணக்கில்தான் அது கட்டப்பட்டது. மோட்டார் சைக்கிளில் வருகிறவன் சறுக்கி அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அன்றைக்கு அந்த ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் கண்டக்டரும், தோட்டத்துக்கு மாதாந்திரம் வரும் யூனியன்காரரும், என் அண்ணனும்தான்.

கம்பி கட்டிய மறுநாளே பெண்கள் அதில் படங்கைக் காயப்போட்டுவிட்டார்கள். பள்ளத்திலிருந்து எப்போதும் காற்று ஏறும் இடம் அது. லயத்துக் கொடியில் இரண்டு நாள் கிடந்தும் காயாதது அங்கே அரை நாளில் காயும். படங்கோடு கம்பளியும் வந்தது. தலையில் கட்டும் சிவப்புத் துண்டு வந்தது, யாரோ ஒருத்தியின் மஞ்சள் பாவாடை வந்தது. மதியத்திலிருந்து சாயங்காலம்வரை அந்த வளைவு முழுக்க ஒரு துணி வேலியாக நிற்கும். எங்கள் மலையில் கோடை காலத்திலேயே மூடுபனி இறங்கும், மழைக்காலத்தில் கேட்க வேண்டாம். மலையாளத்துக்காரர்கள் 'கோட' என்பார்கள், எங்களுக்கும் அந்தச் சொல்தான் ஒட்டிக்கொண்டது. கோட இறங்கினால் முன்னால் போகும் ஆளின் முதுகு தெரியாது. அப்போது லாரி டிரைவர் கண்ணை இடுக்கிக்கொண்டு அந்தத் துணிகளைத்தான் தேடுவார். "படங்கு தெரிஞ்சிட்டு, பிரேக்கைப் பிடி" என்று கிளீனர் கத்துவான். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மழையில் நனைந்த பெண்கள் துணி காயப்போட்டார்கள், அது வளைவுக்கு அடையாளமாகிவிட்டது.

கம்பெனியிலிருந்து தோட்டத்தைப் பார்க்கப் பெரிய ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. அதற்காகத்தான் கண்டக்டர் அந்த மதியம் என் அம்மாவின் படங்கை இரண்டு விரலால் தூக்கினார்.

"ஏனுங்க, இது ஆரோடதுங்க?"

"என்னுதுதான் ஐயா" என்றாள் அம்மா.

"இது ரோடுங்களா, உங்க ஊட்டுக் கொல்லைங்களா?"

"மழை ஐயா. லயத்துல காய மாட்டேங்கு."

"காயாட்டிப் போவுதுங்க. நாளையிலிருந்து இந்தக் கம்பியில ஒரு நூல் தொங்கக் கூடாதுங்க. தொங்குச்சுன்னா அரைப்பேருங்க" என்று சொல்லி, படங்கை மடித்து அம்மாவின் கையில் மரியாதையாகக் கொடுத்தார்.

அதோடு விடவில்லை. தூண்களுக்குப் பச்சை வண்ணம் அடிக்கச் சொன்னார். தேயிலையோடு சேர்ந்து பார்க்க அழகாக இருக்குமாம். கம்பி துருப்பிடித்திருக்கிறதென்று பாக்டரியிலிருந்து கழிவு எண்ணெயைக் கொண்டுவந்து அதன் மேல் பூசச் சொன்னார். துணி போட்டால் கறுப்புக் கறை போகாது, பெண்கள் தாங்களாகவே விலகிவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டு நாளில் அந்த வளைவு கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. பச்சைச் செடிக்கு முன்னால் பச்சைத் தூண், இருட்டுப் பள்ளத்துக்கு முன்னால் கறுப்புக் கம்பி. லாரி டிரைவர் காலையில் பேர் கொடுக்கும் இடத்தில் வைத்தே சொன்னார்: "கண்டக்டர் சார், படங்கு இருந்தா எங்களுக்குத் தொலைவுலயே தெரியும். ஒரு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிச்சு விடுங்க." கண்டக்டர் சிரித்தார். "மெதுவா வாங்க, எல்லாம் தெரியுமுங்க" என்றார். வருவதாகச் சொன்ன பெரிய ஆட்கள் அந்த மாதம் வரவில்லை. பச்சையும் எண்ணெயும் அப்படியே இருந்தன.

என் அண்ணன் பாக்டரியில் பிட்டர். அப்பா செத்தபின் வீட்டைத் தூக்கி நிறுத்தியவன். மெஷின் சத்தத்தை வெளியில் நின்று கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லுவான் என்றெல்லாம் நான் பெருமை பேச மாட்டேன். சாதாரணமான வேலைக்காரன். தப்பாகக் கழற்றி மறுபடி மாட்டுவான், கெட்ட வார்த்தை பேசுவான், ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லையென்றால் கோபித்துக்கொள்வான். ஆனால் மோட்டார் சைக்கிள் விஷயத்தில் மட்டும் அவன் கிழவன். தொரை ஓட்டிக் கழித்த பழைய வண்டி ஒன்று பாக்டரிக்கு வந்திருந்தது. சாமான் வாங்க ஏலப்பாறைக்குப் போவதென்றால் அவன்தான் அதில் போவான். பிரேக் சரியில்லாத வண்டி என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? மலையிறக்கத்தில் காலை ஊன்றி ஊன்றி வருவான். பின்னால் உட்கார்ந்து போன எனக்கே எரிச்சல் வரும். "நடந்தே போயிரலாமே" என்பேன். "நீ நட, நான் வண்டிக்குத் துணையா வாரேன்" என்பான்.

கம்பிக்கு எண்ணெய் பூசிய பிறகு ஒரு நாள் பாக்டரியில் ஒரு மெஷின் நின்றுவிட்டது. அண்ணனை பேரிங் வாங்க ஏலப்பாறைக்கு அனுப்பினார்கள். மதியத்துக்கு மேல் திரும்பி வந்தான். கோட இறங்கியிருந்தது. நிறுவைக் கொட்டகையில் மிச்சமிருந்த கிழவி ஒருத்தி வண்டிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். சத்தம் மெதுவாக வந்ததாம், பிறகு தகரம் தரையில் தேய்வதுபோல ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லையாம். வண்டி கம்பிக்கு அடியில் புகுந்து பள்ளத்துக்குப் போய்விட்டது. அண்ணன் போகவில்லை. கம்பி அவனை நிறுத்திவிட்டது. எங்கே நிறுத்தியது என்று நான் எழுத மாட்டேன். அந்தக் கம்பியை முறுக்கிக் கட்டியதில் என் கையும் இருந்தது. எவ்வளவு இறுக்கம் என்பது என் உள்ளங்கைக்குத் தெரியும். பேரிங் அவன் சட்டைப் பையில் காகிதம் பிரியாமல் இருந்தது. அன்று சாயங்காலமே அதை எடுத்துப் போய் மாட்டி மெஷினை ஓட்டினார்கள்.

போலீஸ் வந்தது. கண்டக்டர்தான் அவர்களுக்கு இடத்தைக் காட்டினார். நாங்கள் எல்லாரும் சுற்றி நிற்க, அவர் தன் வழக்கமான மெல்லிய குரலில், "வேகமா வந்துட்டாருங்க, பாவம்" என்றார். வேறு யாரையும் யாரும் கேட்கவில்லை. வேகம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு அவன் மேலேயே பழியைப் போட அந்த ஒரு சொல் போதும். அண்ணனைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள், என்னையும் சேர்த்து. அம்மா அழவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் தலையை நிமிர்த்திக் கண்டக்டரைப் பார்த்தாள். "என் புள்ள வேகமா வந்தான்னு சொன்ன வாய்" என்று மட்டும் சொன்னாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த வாய் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் அதற்கு மேலும் வேண்டினேன்.

காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், அம்மா அடுப்புச் சாம்பலை ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டாள். மதிய நிறுவை முடிந்ததும் மற்றவர்கள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்க, அவள் வளைவுக்குப் போய்ச் சாம்பலும் தேங்காய் நாருமாகக் கம்பியைத் தேய்க்கத் தொடங்கினாள். எண்ணெய் போய்க் கம்பியின் முறுக்குத் தெரியும்வரை, தன் படங்கு போடும் அகலத்துக்குத் தேய்த்தாள். பிறகு படங்கை அவிழ்த்து இரண்டாக மடித்து அதில் போட்டாள். கண்டக்டர் வந்தார், பார்த்தார். எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்தார். "அரைப்பேருங்க." மறுநாளும் அம்மா தேய்த்தாள், போட்டாள். மறுநாளும் அரைப்பேர். வீட்டில் கஞ்சி தண்ணீராயிற்று. பன்னீர்ச்செம்பு என்று பேர் வைத்த அத்தைதான் முதலில் சேர்ந்தாள். "நானும் ரொம்ப நாளா அரை வயித்துலதான் கெடக்கேன், இன்னும் கொஞ்சம் கெடந்தா என்ன?" என்று தன் சாம்பலோடு வந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கொழுந்து கொட்டும் காலம். எல்லாருக்கும் அரைப்பேர் போட்டால் கொழுந்து செடியிலேயே முற்றிவிடும், தொரை கேள்வி கேட்பார். கண்டக்டர் அந்தப் பக்கம் பார்க்காமல் போக ஆரம்பித்தார். வளைவு பழையபடி துணியால் நிறைந்தது.

எனக்கு அது பிடிக்கவில்லை. கண்டக்டர் தினமும் அந்த வளைவில்தான் மோட்டார் சைக்கிளில் போவார், வருவார். கானையில் நின்று மண்ணை அள்ளும்போது அவருடைய வண்டிச் சத்தம் கேட்டால் நான் மண்வெட்டியை நிறுத்திவிடுவேன். சத்தம் வளைவைத் தாண்டிவிட்டதென்று தெரிந்ததும் மறுபடி வெட்டுவேன். கோட இறங்கும் நாளில் என் காது முழுக்க அந்த ரோட்டில்தான் இருக்கும். கோயிலுக்குப் போனால் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. சாமிக்குப் புரியும்படி தெளிவாகவே கேட்டேன். அந்தக் கம்பி, அந்தக் கோட, அந்த வண்டி, அந்த ஆள். அவ்வளவுதான் கேட்டேன்.

ஐப்பசி மழையில் அது நடந்தது. நான் வளைவுக்கு மேலே, கானையில் இருந்தேன். வண்டி வந்தது. மெதுவாகத்தான் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். பாறைப் பக்கத்திலிருந்து களிமண் ரோட்டில் வழிந்திருந்தது. சக்கரம் வழுக்கியது. வண்டி படுத்தபடி ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. என் உடம்பில் ஒரு சந்தோஷம் பாய்ந்ததை நான் மறைக்கப் போவதில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். அவர் செத்துவிட்டாரா என்று பார்க்கத்தான் ஓடினேன்.

சாகவில்லை. லேசாக இறங்கியிருந்த கோடவுக்குள்ளும் அந்தத் துணி வரிசை தெரிந்ததால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்திருந்தார். சறுக்கிப் போய் மோதியது இரண்டாக மடித்துத் தொங்கிய தடித்த சாக்கில். கம்பி அவரைத் தொடும் முன் சாக்கு வாங்கிக்கொண்டது. தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. படங்கு கிழிந்து, அவருடைய கழுத்திலும் கையிலும் சுற்றிக்கொண்டு, அவரைப் பள்ளத்துக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. ஓரத்தில் அம்மா போட்டிருந்த நீல நூல் தையலைப் பார்த்தேன்.

"கொஞ்சம் தூக்குங்க" என்றார் கண்டக்டர்.

நான் குனிந்தேன். அவர் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் படங்கைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தேன். அவரை அப்படியே விட்டுவிட்டு, படங்கை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பின்னால் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. தூக்குவதற்கு அவர்கள் போதும்.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதை அவள் முன்னால் போட்டேன். என் வாழ்க்கையிலேயே அவளிடம் குரலை உயர்த்தியது அன்றுதான். "உன் படங்குதாம்மா அவனக் காப்பாத்திட்டு. அண்ணனுக்கு இல்லாத படங்கு அவனுக்கு. பேசாம எண்ணெய்க் கம்பியாவே விட்டிருந்தா இன்னைக்குப் போய்ச் சேந்திருப்பான்லா?"

அம்மா கிழிசலை விரித்து வைத்து எங்கெங்கே போயிருக்கிறது என்று பார்த்தாள். பிறகு சொன்னாள்: "செத்துட்டான்னா நான் யாருகிட்டலே போய்க் கேக்குறது?"

என் கோபம் பெரியது என்று அதுவரை நினைத்திருந்தேன். அவளுடையதைப் பார்த்தபின் அது சிறுபிள்ளைக் கோபமாகத் தெரிந்தது.

கண்டக்டர் கோட்டயத்துப் பக்கம் ஏதோ ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, கையைத் தூளியில் மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். அந்த நாள்வரை அம்மா கிழிந்த படங்கை மாற்றவில்லை. மாற்றுப் படங்கு நனைந்தால் உரச்சாக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். மஸ்டர் என்பது காலையில் எல்லாரும் வரிசையாக நின்று பேர் கொடுக்கும் இடம். அங்கே கண்டக்டரே கொண்டுவந்த ஒரு வழக்கம் இருந்தது. தோட்டம் கொடுத்த கம்பளியோ படங்கோ கத்தியோ காலத்துக்கு முன்னால் கெட்டுப்போனால், அதை மஸ்டரில் எல்லாருக்கும் காட்ட வேண்டும். அது எப்படிக் கெட்டதென்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அப்போதுதான் புதிது கிடைக்கும். குடித்துவிட்டு வந்த புருஷன் கம்பளியை அடுப்பில் போட்டதை ஒரு பெண் அப்படி வாயால் சொல்ல வேண்டியிருந்தது. "சத்தமா சொல்லுங்க, பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலீங்க" என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் மூன்று தரம் சொன்னாள்.

அம்மா வரிசையிலிருந்து முன்னால் வந்து படங்கை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். நடுவில் ஒரு ஆள் தலை நுழையும் அளவுக்குக் கிழிசல்.

"ஐயா, படங்கு கிழிஞ்சிட்டு. புதுசு வேணும்."

கண்டக்டர் அதைப் பார்க்கவில்லை. "வாங்கிக்கோங்க. கங்காணி, ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"எப்படிக் கிழிஞ்சுதுன்னு நீங்க கேக்கலையே?"

"பரவால்லீங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கம்பளிக்காரியின் குரல் பின்னாலிருந்து வந்தது: "எங்களையெல்லாம் கேட்டீகளே, கண்டக்டரய்யா! அவ மட்டும் என்ன, தொரை வீட்டுச் சம்மந்தியா?"

கங்காணி அம்மாவின் பக்கத்தில் வந்து, "மதினி, விடு, வாங்கிக்கிட்டுப் போ" என்று கெஞ்சினார். அம்மா படங்கை இறக்கவில்லை. சங்கு ஊதிவிட்டது. யாரும் கூடையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டாமென்று யாரும் சொல்லவுமில்லை. கூடைகள் தரையில் இருந்தன, பெண்கள் நின்றார்கள். கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பாக்டரி இருக்கும் திசையைப் பார்த்தார். கடைசியில் கேட்டார்.

"எப்புடிங்க கிழிஞ்சுது?"

"எனக்கென்ன தெரியும்? நான் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தேன். இதுக்குள்ள கெடந்தவுகதான் சொல்லணும்."

இந்தத் தடவை சிரிப்பு பலமாகவே வந்தது. அது அடங்கும்வரை அம்மா காத்திருந்தாள்.

"வண்டி சறுக்கிருச்சுங்க" என்றார் கண்டக்டர். "கம்பி மேல போய் விழுந்தனுங்க. படங்கு இருந்துச்சுங்க."

"பின்னால கேக்கல" என்றாள் கம்பளிக்காரி.

"படங்கு இருந்ததால பொழச்சனுங்க."

"வேகமா வந்தீகளா?" என்றாள் அம்மா.

அந்தக் கேள்வி எங்கே போகிறதென்று அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் தப்பியிருக்கலாம். ஆனால் மழையில் வேகமாக வண்டி ஓட்டுகிற ஆள் என்று தன்னைத்தானே நாலு பேர் முன்னால் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தன் பேரைக் காப்பாற்றப் போய் மாட்டிக்கொண்டார்.

"இல்லீங்க. மெதுவாத்தானுங்க வந்தேன்."

"என் மகனும் மெதுவாத்தான் வந்தான்."

கண்டக்டர் வாயைத் திறந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க" என்றாள் அம்மா. "அவன் விழுந்தன்னைக்கு அந்தக் கம்பியில படங்கு ஏன் இல்ல?"

"நான்தானுங்க எடுக்கச் சொன்னேன்" என்றார் கண்டக்டர். அதை அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் யாரும் மறுபடி சொல்லச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

கங்காணி புதுப் படங்கை நீட்டினார். அம்மா அதைத் தொடவில்லை. கிழிந்ததை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு கூடையை எடுத்தாள். பெண்கள் எல்லாரும் எடுத்தார்கள். அன்று மலையில் யாரும் பாட்டுப் பாடவில்லை, சிரிக்கவும் இல்லை. ஒரு பெரிய வேலையை முடித்தவர்கள்போல அமைதியாகக் கொழுந்து எடுத்தார்கள்.

போலீஸ் காகிதத்தில் வேகம் என்று எழுதியது அப்படியேதான் இருந்திருக்கும். அதை யார் போய் மாற்றுவது? ஆனால் தோட்டத்தில் அதற்குப் பிறகு யாரும் அண்ணனைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. இப்போது அந்த வளைவில் கம்பி இல்லை. அலை மடிப்பு வைத்த தகரத் தடுப்பு, இருட்டில் மின்னும் சிவப்புப் பொட்டு எல்லாம் வந்துவிட்டன. சுற்றுலாப் பையன்கள் பெரிய பெரிய வண்டிகளில் அதன் மேல் காலை வைத்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தகரத்துக்குக் கீழே தூண்களின் கூர் விளிம்பு வெறுமையாகத்தான் இருக்கிறது. காருக்காகக் கட்டியிருக்கிறார்கள். போன வருஷமும் ஒரு பையன் அதில் விழுந்தான். கூடியிருந்தவர்கள் வாயில் முதலில் வந்த சொல் எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வயதாகிறது, இரத்த அழுத்தம் இருக்கிறது, கோபப்படக் கூடாதென்று டாக்டர் சொல்கிறார். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆற்றியிருக்கலாம்.

மஸ்டரில் அப்படி நின்ற பிறகு கண்டக்டரால் அங்கே வேலை வாங்க முடியவில்லை. அவருடைய 'ங்க'வுக்கு இருந்த பயம் போய்விட்டது. அவர் அரைப்பேர் என்றால் பெண்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள், அவர் பேசாமல் போய்விடுவார். தை பிறந்ததும் வேலையை விட்டு ஊருக்குப் போவதாகச் செய்தி வந்தது. சாமான் ஏற்றிய லாரியை லயத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு, அவர் படியேறி எங்கள் வாசலுக்கு வந்தார். எதற்கு வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உடைந்த தோளினால் அந்தக் கை சரியாக மேலே வரவில்லை. அரைகுறையாகக் கும்பிட்டார். அம்மா வாசலில் உட்கார்ந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வர்றனுங்க" என்றார்.

நம்மில் யார் வீட்டு வாசலிலும் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. விரோதியாக இருந்தாலும், சண்டை போட்டுக்கொண்டு போகிறவனாக இருந்தாலும், 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்லி அனுப்புவோம். அம்மா சுளகிலிருந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தாள்.

"போங்க" என்றாள்.

அவர் மிச்சச் சொல்லுக்காக நின்றார். பக்கத்து வீட்டு வாசல்களில் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். அம்மா அடுத்த கல்லைத் தேடினாள். அவள் தலை நிமிரவே இல்லை. கீழே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நானாவது சொல்லுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. யார் முன்னாலும் பேச வராத என் நாக்கு அன்று எனக்கு உதவியாக இருந்தது. அவர் திரும்பிப் படியிறங்கினார். அதற்குப் பிறகு அவர் எங்கள் மலைக்கு வரவில்லை.

எனக்கு அது போதவில்லை. இன்னும் போதவில்லை.